எடைக்கு எடை வெல்லம்

முதல் பிள்ளையைப் புதைக்கக் கொண்டுபோனபோது நான்தான் தூக்கிக்கொண்டு நடந்தேன். எங்கள் வழக்கத்தில் சின்னப் பிள்ளைக்குப் பாடை கிடையாது. தகப்பன் கையில் ஏந்திப் போக வேண்டும். இரண்டு வயது முடிந்த ஆண்பிள்ளை. ஆடி மாதக் காற்று மலையிலிருந்து இறங்கி அடித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த வேட்டித்துணி படபடவென்று அடிக்க, துணியோடு பிள்ளையும் பறந்துவிடுமோ என்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். கனமே இல்லை. வயிற்றுப்போக்கில் ஆரம்பித்து, சவலை விழுந்து, இரண்டு மாதத்தில் உருகிப்போனவன். குழியில் இறக்கிய பிறகும் என் கை இரண்டும் அப்படியே நீட்டியபடி நின்றது. பக்கத்தில் நின்ற சித்தப்பா, "கையை எறக்குடா அப்பு" என்று சொல்லி அவரே இறக்கிவிட்டார்.

இதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு நான் செய்ததற்கெல்லாம் இது காரணம் என்று சொல்லித் தப்பிக்க அல்ல. அந்த லேசு என் கையில் தங்கிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்து ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு ஒரு சளி, ஒரு காய்ச்சல்கூடப் பெரிதாக வந்ததில்லை. தானே விழுந்து, தானே எழுந்து, தானே வளர்ந்தாள். அவளுக்கு நான்கு வயது ஆனபோது மறுபடி ஒரு பையன். அவனுக்குப் பத்து மாதம் நடக்கும்போது அதே வயிற்றுப்போக்கு. நான் அப்போது மேலே தோட்டத்தில் இருந்தேன். போடிமெட்டுக்கு அந்தப் பக்கச் சரிவில் எங்களுக்குச் சின்ன ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. திங்கட்கிழமை ஜீப்பில் ஏறினால் சனிக்கிழமைதான் இறங்குவேன். ஆள் வந்து சொன்னதும் கிடைத்த ஜீப்பில் தொற்றிக்கொண்டு வந்தேன். வீட்டுக்குள் போய்ப் பிள்ளையைக் கையில் வாங்கினேன். அதே லேசு.

மனைவியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, வந்த கால் கழுவாமல் முருகன் கோயில் மலைக்குப் போனேன். மத்தியான வெயிலில் படி கொதித்தது. மேலே நடை சாத்தியிருந்தது. சாத்திய கதவுக்கு முன்னால் விழுந்து, வாய்விட்டே சொன்னேன்: "அப்பனே, இந்த உசிரை எனக்குக் குடுத்துரு. இவன் பள்ளிக்கூடம் போற வயசுல, தன் காலாலே இந்தப் படியேறி வந்து உன் தட்டுல உக்காருவான். எடைக்கு எடை வெல்லம் வைக்கிறேன்."

துலாபாரம் என்பது அதுதான். கோயில் தராசின் ஒரு தட்டில் பிள்ளையை உட்கார வைத்து, மறுதட்டில் வேண்டிக்கொண்ட பொருளை வைத்து, இரண்டும் சமமானதும் அந்தப் பொருளைச் சாமிக்குக் கொடுத்துவிடுவது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். டாக்டரின் மருந்தா, முருகன் அருளா என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. இரண்டும் ஒன்றுதான் என்றே இன்றைக்கும் நம்புகிறேன்.

அன்றிலிருந்து அவனுக்குத் தீனி கொடுப்பதே எங்கள் வீட்டின் முதல் சோலி ஆயிற்று. விடிந்ததும் பாலில் பச்சை முட்டை அடித்து ஒரு தம்ளர். பிறகு நெய் ஊற்றிய இட்லி. நெய் என் மனைவி பிறந்த ராசிங்காபுரத்திலிருந்து வாராவாரம் தூக்கில் வரும். பள்ளிக்கூட இடைவேளைக்குக் கடலை உருண்டை. மத்தியானம் சோறு, அதற்குள் ஒளித்துவைத்த ஈரல் துண்டு. சாயங்காலம் வடை, இருட்டினதும் சோறு, படுக்கும்போது பாலும் பழமும். சனிக்கிழமை நான் இறங்கும்போது பஸ்ஸ்டாண்டு பக்கம் மிட்டாய்க் கடையில் சீரணி, அல்வா, காராச்சேவு என்று ஒரு பொட்டலம். ஆறு நாள் பிள்ளை முகம் பார்க்காத குறையை அந்தப் பொட்டலத்தில் தீர்த்துக்கொண்டேன். அவன் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். "போதும்ப்பா" என்பான். "என் கையால ஒரே ஒரு வாய்" என்பேன்.

ஓட விடமாட்டோம். ஓடினால் வேர்க்கும், வேர்த்தால் இளைக்கும் என்று பயம். பள்ளிக்கூடம் மூன்று தெரு தள்ளித்தான். பக்கத்து வீட்டு அண்ணன் சைக்கிள் கேரியரில் அவன் போவான். அவனுடைய பையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு பெண் பின்னால் நடப்பாள். அவள் தட்டில் ஈரலோ நெய்யோ இருந்ததா என்று இப்போது யோசித்தால் எனக்கு ஞாபகம் வரவில்லை. பார்த்திருந்தால்தானே ஞாபகம் வரும். அவளுக்காக யாரும் வேண்டிக்கொள்ளவில்லை.

ஐந்து வயதில் செய்ய வேண்டிய நேர்த்திக்கடன். அந்த வருஷம் மலையில் மழை தவறி ஏலம் காய் பிடிக்கவில்லை. அடுத்த வருஷம் பங்காளி வீட்டில் சாவு விழுந்து தீட்டு. அதற்கடுத்த வருஷம் தடை ஒன்றும் இல்லை. தை பிறந்ததும் போய்விடலாம் என்று நான் சொன்னபோது என் மனைவி தயங்கினாள்.

"ஏங்க, இன்னும் ஒரு வருசம் போகட்டுமே. புள்ள இப்பத்தான் சதை வைக்கிறான். எளைச்ச பிள்ளையக் கொண்டுபோயி உக்கார வச்சா, சாமிக்குக் குறைச்சுக் குடுத்த மாதிரி ஆகாதா?"

எனக்கும் அது சரியென்று பட்டது. சரியென்று பட்டது மட்டும் இல்லை, பெருமையாகவும் இருந்தது. கஞ்சத்தனம் பண்ணுகிறவன்தான் பிள்ளை சிறிசாக இருக்கும்போதே வெரசாக முடித்துவிடுவான், நாம் அப்படிச் செய்யக்கூடாது என்று அவளிடமே திருப்பிச் சொன்னேன். ஒரு வருஷம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று. சாமிக்குக் கூடுதலாகக் கொடுப்பதற்காகப் பிள்ளைக்குக் கூடுதலாகக் கொடுத்தோம். இப்படி ஒரு முட்டாள்தனத்தைப் பக்தி என்று நினைத்து நாங்கள் இரண்டு பேரும் மனசாரச் செய்தோம்.

அவன் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, வகுப்பிலேயே பெரிய உருவம். சட்டைத் துணி எனக்கு எடுக்கிற அளவுக்கே எடுக்க வேண்டியிருந்தது. தூங்கினால் குறட்டை அடுத்த அறை வரை கேட்கும். கழுத்தில் கறுப்பு படிந்து, எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. சரியாகக் குளிப்பதில்லை என்று அவன் அம்மா அதற்கும் அவனைத்தான் வைவாள்.

அந்தத் தையில் துலாபாரம் என்று முடிவு செய்தாயிற்று. எவ்வளவு மண்டவெல்லம் வாங்குவது என்று தெரிய வேண்டுமே. ஒரு சனிக்கிழமை அவனை நான் காய் போடுகிற ஏலக்காய்க் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூட்டை நிறுக்கும் மேடைத்தராசு அங்கே இருந்தது. மூட்டை தூக்குகிறவர்களும் வேறு தோட்டக்காரர்களும் நாலைந்து பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னண்ணே, இந்த லோடு எந்தத் தோட்டத்துக் காயி?" என்றார் ஒருவர்.

"பச்சைக் காயா, காஞ்ச காயாண்ணே? பச்சையா இருந்தா யோசிச்சு எடுங்கப்பா. ஒலந்தா அஞ்சுல ஒண்ணுதான் தேறும்."

"இது எங்கிட்டு ஒலரும்? நெய்யில ஊறுன காயில்ல!"

நானும் சிரித்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் பொய் எழுதினவன் ஆவேன். எல்லோரோடும் சேர்ந்து, கொஞ்சம் நெஞ்சு நிமிர்த்தியே சிரித்தேன். தராசுமேல் நின்றவன் தன் கால் பெருவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். அறுபது கிலோவுக்கு மேல் முள் நின்றது. "மாப்ளே, சாமிக்குச் சக்கரை வியாதி வந்துரும்டா" என்று கடைக்காரர் சொன்னதும் இன்னொரு சிரிப்பு கிளம்பியது.

வீட்டுக்கு வரும் வழியில் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"அப்பா, கம்மியாக் குடுத்தா சாமி கோவிச்சுக்குவாராப்பா?"

"கோவிக்க மாட்டாருய்யா. ஆனா நாம குறைக்கலாமா? உன் உசிரக் குடுத்தவரு."

"அதில்லப்பா. வெல்லம் எவ்வளவு வேணும்னாலும் குடுங்க. நான் தட்டுல உக்கார மாட்டேன். எல்லாரும் பாப்பாங்க."

"சாமியப் பாக்க வந்தவங்க உன்னைய எதுக்குடா பாக்கப் போறாங்க" என்றேன். அவன் என் கையை விட்டுவிட்டான்.

அதற்கு அடுத்த திங்கட்கிழமை, நான் மலையேறும் முன்னால், அவனுடைய வகுப்பு டீச்சர் என்னை வரச் சொல்லி அவனிடமே சொல்லியனுப்பினார். வெளியூரிலிருந்து வந்து வேலை பார்க்கிறவர். மெலிந்த உடம்பு. பிள்ளைகளை அடிக்க மாட்டார் என்று பெயர். பள்ளிக்கூட மரத்தடியில் நின்றபடியே பேசினார்.

"பையன் நல்லாப் படிக்கிறான் ஐயா. அதுல குறையே இல்ல. ஆனா வகுப்புல உக்காந்தபடியே தூங்கிர்றான். விளையாட்டு நேரத்துல ஓடச் சொன்னா முழங்காலப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துக்கிறான். பசங்க 'மூட்டை'ன்னுதான் கூப்பிடுறாங்க. நான் எத்தனை தடவை அதட்டுறது? அவன் கொண்டாற பலகாரத்த அவங்களுக்கே குடுத்து, அப்படிக் கூப்பிடாதீங்கடான்னு கெஞ்சுறான்."

"வளர்ற புள்ள டீச்சர். கால் கடுக்கத்தான செய்யும்."

"தப்பா நினைச்சுக்காதீங்க. இது வளர்த்தி இல்ல. தீனியக் கொஞ்சம் குறைங்க, ஓடியாட விடுங்க. முக்கியமா அந்தக் கால ஒரு டாக்டர்ட்ட காட்டுங்க. பத்து வயசுப் பிள்ளை நொண்டக் கூடாது."

அவர் சொன்னது அத்தனையும் சரி. அந்த ஒரு நாள், அந்த ஒரு வார்த்தையைக் கேட்டிருந்தால் போதும். நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அந்தம்மா ஈர்க்குச்சி மாதிரி இருந்துக்கிட்டு எம்புள்ளையக் குறை சொல்லுதா? தினம் தினம் பாக்குற கண்ணு. அதான் புள்ளைக்குக் காலு வலிக்குது."

கண் பட்டால் கழிக்க ஒரு வழி உண்டு. கண் வைத்தவர் நடந்த காலடி மண்ணை எடுத்து, உப்பும் மிளகாயும் சேர்த்து, பிள்ளையைச் சுற்றி அடுப்பில் போடுவது. மண் எடுத்து வர மகளை அனுப்பினோம். அவள் அப்போது வேறு பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். தம்பி பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போய், டீச்சர் நடந்துபோன பிறகு குனிந்து மண்ணை அள்ளியிருக்கிறாள். டீச்சர் திரும்பிப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா கீழ விழுந்துச்சு?"

பொய் சொல்லத் தெரியாத பெண். உள்ளதைச் சொல்லிவிட்டாள். டீச்சர், "நல்லா அள்ளிக்க. ஆனா தம்பியோட கால டாக்டர்ட்ட காட்டச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டுப் போனாராம். மகள் அழுதுகொண்டே வந்து மண்ணை அம்மா கையில் கொடுத்தாள். மிளகாய் நெடி வரவில்லை, அதனால் கண்தான் என்று உறுதியாகிவிட்டது. முழங்காலில் நல்லெண்ணெய் காய்ச்சித் தடவினோம்.

தைக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது. நான் வாரத்துக்கு ஒரு நாள்தான் வீட்டில். மகள்தான் சொன்னாள்: "அப்பா, தம்பி நடக்கிறப்ப வலது பாதம் வெளிய பாத்துத் திரும்பிக்குது. எனக்குப் பயமா இருக்குப்பா."

"நேர்த்திக்கடன் முடியட்டும் ஆத்தா. எல்லாம் சரியாப் போகும். பாக்கி வச்சிருக்கோம்ல, அதான் முருகன் ஞாபகப்படுத்துறாரு" என்றேன். உண்மையிலேயே அப்படித்தான் நம்பினேன். கால் வலி என்பது தாமதித்ததற்கான சோதனை, சீக்கிரம் படியேறினால் தீரும் என்று.

துலாபாரத்தன்று உறவுக்காரர்கள் இருபது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். வெல்ல மூட்டைகளை ஆட்கள் முன்னாலேயே மேலே கொண்டுபோய்விட்டார்கள். பையனுக்கு மஞ்சள் வேட்டி, கழுத்தில் மாலை. படி அடிவாரத்தில் கற்பூரம் கொளுத்தி, "முருகான்னு சொல்லிக்கிட்டே ஏறுய்யா" என்றேன்.

முதல் நூறு படி சரியாக ஏறினான் என்று சொல்ல ஆசை. அதுவும் இல்லை. பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றான். இரண்டு கையையும் வலது முழங்காலில் ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினான். மாலைப் பூ நனைந்து மார்பில் ஒட்டிக்கொண்டது.

"அப்பா, முடியலப்பா. காலு வலிக்குது."

"இன்னும் கொஞ்சந்தான்யா. அந்தா தெரியுது பாரு கோபுரம்."

பின்னால் வந்த ஒரு மச்சான் முறைக்காரர், "மாப்ளே, நீ ஏறுறதுக்குள்ள சாமியே எறங்கி வந்துருவாருடா" என்றார். சிரித்தார்கள். நல்ல மனசுக்காரர்தான். பிள்ளையை உற்சாகப்படுத்துவதாக நினைத்துத்தான் சொன்னார்.

மகள் ஓடிவந்து அவன் தோளுக்குக் கீழே கை கொடுத்தாள். "நான் ஒரு பக்கம் பிடிச்சுக்கிறேன்ப்பா."

"பிடிக்காத ஆத்தா" என்றேன். "தன் காலாலே ஏறுவான்னு வேண்டியிருக்கேன். நேர்த்தி கெட்டுரும்."

அவள் கையை எடுத்துவிட்டாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

முக்கால்வாசி ஏறியிருப்போம். வலது காலை மேல்படியில் வைத்து உந்தினான். ஒரு சத்தம் வந்தது. அது எலும்பிலிருந்து வந்ததா அவன் வாயிலிருந்து வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. படியில் பக்கவாட்டில் சரிந்து விழுந்தான். காலைத் தொட்டால் அலறினான். அவனைத் தூக்கக் குனிந்தேன். என்னால் முடியவில்லை. இரண்டு கையையும் அவன் அடியில் கொடுத்து, முருகா என்று மூச்சைப் பிடித்தும், பிள்ளையைப் படியிலிருந்து ஒரு சாண்கூட உயர்த்த முடியவில்லை. எவ்வளவு கனம் வேண்டும் என்று பத்து வருஷம் வேண்டினேனோ அவ்வளவு கனம்.

மூட்டை கொண்டுபோன ஆட்கள் இரண்டு பேர் இறங்கி வந்து தூக்கினார்கள். கீழே போவதா மேலே போவதா என்று என் முகத்தைப் பார்த்தார்கள். மேலே நாற்பது படிதான் இருந்தது.

"மேல" என்றேன்.

அர்ச்சகர் பையனைப் பார்த்ததும், "குழந்தைக்கு முடியல போலிருக்கே. இன்னொரு நாள் வச்சுக்கலாமே, சாமி ஒண்ணும் நினைச்சுக்க மாட்டார்" என்றார். நான் கேட்கவில்லை. இத்தனை தூரம் வந்துவிட்டு முடிக்காமல் திரும்பினால் இருக்கிற உயிருக்கும் மோசம் என்று மனசு அடித்துக்கொண்டது. தட்டில் அவனை இறக்கினார்கள். சங்கிலியைப் பிடித்துக்கொண்டு வலது கால் ஒரு தினுசாக வெளியே திரும்பித் தொங்க, அழுதுகொண்டே உட்கார்ந்திருந்தான். மறுதட்டில் வெல்லம் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியது. தட்டு அசையும்போதெல்லாம் கத்தினான். சாமி கும்பிட வந்த கூட்டம் முழுவதும் சுற்றி நின்று பார்த்தது. யாரோ ஒரு அம்மா, "அழுகாத சாமி, முருகன் பாக்குறாரு" என்றாள். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

தட்டு சமமானபோது என் மனைவி குலவையிட்டாள். பாதியில் அவளுக்கே குரல் உடைந்துவிட்டது.

அதற்குப் பிறகும் எங்களுக்குப் புத்தி வரவில்லை. படியில் விழுந்ததில் முழங்கால் பிசகியிருக்கும் என்று கட்டு வைத்தியரிடம் கொண்டுபோனோம். வலி முழங்காலில் என்றுதான் அவனும் சொன்னான். அவர் தடவிப் பார்த்து, "முழங்கால்ல முறிவு இல்லையே அண்ணே" என்று யோசித்தார். நாங்கள் கட்டாயப்படுத்தியதால் மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். மூன்று வாரம் அப்படியே படுத்திருந்தான். படுத்திருந்த மூன்று வாரமும், உடம்பு தேற வேண்டும் என்று ஆட்டுக்கால் சூப்பும் முட்டையும் கொடுத்தோம்.

கட்டை அவிழ்த்தும் நிற்க முடியாமல் போன பிறகுதான் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் முழங்காலைப் பார்க்கவே இல்லை. இடுப்பைத்தான் படம் எடுக்கச் சொன்னார். படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார்.

"தொடை எலும்போட மேல்முனை, இடுப்புல மாட்டியிருக்கிற இடம், இந்த வயசுல கெட்டிப்பட்டிருக்காது. எடை தாங்காம கொஞ்சங்கொஞ்சமா நழுவியிருக்கு. கோளாறு இடுப்புல இருந்தாலும் வலி முழங்கால்லதான் தெரியும். ரொம்ப நாளா நொண்டியிருப்பானே?"

நான் தலையாட்டினேன்.

"அப்பவே கொண்டுவந்திருந்தா ஒரு கம்பி போட்டு நிறுத்தியிருக்கலாம். எதுலயோ ஏத்தியிருக்கீங்க. அன்னைக்கு முழுசா நழுவிருச்சு."

பிறகு என் மனைவியிடம் கேட்டார். "என்னம்மா சாப்பிடக் குடுப்பீங்க பையனுக்கு?"

யாராவது இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தவள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்சாகமாகவே ஆரம்பித்தாள். "காலையில பால்ல முட்டை சார். பெறகு நெய் ஊத்தி இட்லி. பதினோரு மணிக்கு…" டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். ஈரல் வரைக்கும் எழுதினார். பேனாவை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார். அவள் குரல் மெதுவாக இறங்கியது. "ராத்திரி பாலும் பழமும்…" என்று சொல்லும்போது சத்தமே இல்லை. அவர் அதட்டவில்லை. அதட்டியிருந்தால் அவள் இரண்டு நாள் அழுது தீர்த்திருப்பாள்.

காலில் கயிறு கட்டி, கட்டில் ஓரத்தில் செங்கல்லைத் தொங்கவிட்டு வாரக்கணக்கில் படுக்க வைத்தார்கள். பிறகு ஆபரேஷன். ஆஸ்பத்திரிச் சாப்பாடு மட்டும்தான், வெளிச் சாப்பாடு கூடாது என்று கண்டிப்பு. நான் ஏலத்தோட்டத்தை ஆள் பொறுப்பில் விட்டுவிட்டு வராந்தாவில் கிடந்தேன். ஒரு நாள்கூட அவன் பசிக்கிறது என்று கேட்கவில்லை. வருவதைச் சாப்பிட்டான், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு.

நாலு மாதம் கழித்து ஊர் திரும்பினோம். வலது கால் இரண்டு விரல்கடை குட்டையாகிவிட்டது. தரையில் சம்மணம் போட முடியாது. நடந்தால் உடம்பு ஒரு பக்கம் சாய்ந்து எழும்பும். உடம்பு பாதியாக வற்றியிருந்தது. தெருவில் ஒரு பெரியவர், "அடப்பாவமே, எப்படி இருந்த புள்ள!" என்றார்.

வீட்டுக்கு வந்த அன்று என் மனைவி இலை போட்டுச் சோற்றை அள்ளினாள். பழக்கத்தில் கரண்டி நிறைய அள்ளிவிட்டாள். அப்படியே அந்தரத்தில் கரண்டி நின்றது. போடவும் பயம், போடாமலிருக்கவும் பயம். பையன் அவளைப் பார்க்காமல், "அக்கா போடட்டும்" என்றான். மகள் வந்து கரண்டியை வாங்கி, அளவாகப் போட்டாள். அன்றிலிருந்து அவள் கல்யாணமாகிப் போகும் வரை அவனுக்கு அவள்தான் பரிமாறினாள். என் மனைவி அடுப்படிக்குள் நின்றுகொள்வாள். நான் இருக்கும்போது அவன் சாப்பிட உட்காருவதில்லை. சனிக்கிழமை நான் வெறுங்கையோடு இறங்கப் பழகிக்கொண்டேன்.

டீச்சரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை பள்ளிக்கூட வாசல் வரை போனேன். மண் அள்ளின இடம் கண்ணில் பட்டதும் திரும்பிவிட்டேன். அவருக்கு மாற்றலாகிப் போய்விட்டது என்று பிறகு கேள்விப்பட்டேன்.

எண்பதுகளில் ஊரில் எத்தனையோ மாறியது. மகன் டைப்பு அடிக்கப் படித்து, உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்றில் சேர்ந்தான். மெலிந்த உடம்பு. அதிகம் பேச மாட்டான். என்னிடம் மரியாதைக் குறைவாக ஒரு நாளும் நடந்ததில்லை. அவனுக்கு ஒரு வரன் பேசி வந்தவர்கள் நடையைப் பார்த்துவிட்டு, சொல்லியனுப்புகிறோம் என்று போனார்கள். இரண்டு இடம் அப்படி ஆயிற்று. அந்தத் தையில் நான் வழக்கம்போல முருகன் கோயில் மலைக்குப் புறப்பட்டபோது, "நானும் வர்றேன்ப்பா" என்று கூடவே வந்தான். எனக்கு ஆச்சரியம். அத்தனை வருஷத்தில் அவன் அந்தப் பக்கமே வந்ததில்லை.

அடிவாரத்தில் செருப்பைக் கழற்றினேன். அவன் கழற்றவில்லை. வேப்பமரத்தடிக் கல்லில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டான்.

"நீங்க போயிட்டு வாங்கப்பா. நான் செருப்பப் பாத்துக்கிறேன்."

நானும் போகாமல் நின்றேன். எங்களைத் தாண்டி ஒரு குடும்பம் மொட்டைத்தலைக் குழந்தையோடு ஏறிப் போனது. அவன் அவர்களைப் பார்க்கவில்லை. சொல்லிவிட வேண்டும் என்று பத்துப் பன்னிரண்டு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாமி முன்னால் சொல்லியிருக்கிறேன், எத்தனையோ தடவை. அவனிடம் சொன்னதில்லை.

"ஐயா" என்றேன். "வலிக்குதுன்னு நீ சொன்ன. நாந்தான்யா உன்னைய ஏத்துனேன்."

அவன் என் செருப்பு இரண்டையும் எடுத்துத் தன் பக்கத்தில் சேர்த்து வைத்தான்.

"தெரியும்ப்பா" என்றான். "போயிட்டு வாங்க. நடை சாத்திருவாங்க" என்றான்.

நான் ஏறிப் போனேன்.